எங்கள் ஆசைக்கு ஜாமீன் கேட்கிறவர்கள்

சேரியில் பிறந்த எவரும் தன் வாழ்நாளில் நூறு தடவையாவது கேட்டிருக்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. "இது நெஜமாவே உனக்கு வேணுமா? இல்ல, யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?" நிலம் கேட்டால் இந்தக் கேள்வி. மதம் மாறினால் இந்தக் கேள்வி. பெயரை மாற்றிக்கொண்டால், ஊர்த்தெருப் பெண்ணைக் காதலித்தால், பிள்ளையை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தால், தவணையில் ஒரு பைக் எடுத்தால்கூட இந்தக் கேள்வி. கேட்கிறவர் தாசில்தாராக இருக்கலாம், ஊர் நாட்டாமையாக இருக்கலாம், முற்போக்கு எழுத்தாளராகவும் இருக்கலாம். குரல்தான் வேறு வேறு. சந்தேகம் ஒன்றுதான்: இவன் மனசில் இருக்கிற ஆசை இவனுடையது இல்லை.

மனிதன் தன் ஆசையைத் தன்னுடையது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா என்று தத்துவக்காரர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். பிராய்ட் ஒரு விதமாகக் கேட்டார். மார்க்ஸின் வழிவந்தவர்கள் வேறு விதமாகக் கேட்டார்கள். இவர்களுக்கெல்லாம் முன்னாலேயே புத்தர் கேட்டார். எல்லா மனிதரையும் பார்த்துக் கேட்டால் அது நல்ல கேள்வி. நம் நாட்டில் அது எல்லாரையும் பார்த்துக் கேட்கப்படுவதில்லை. ஊர் ஆசைப்பட்டால் அதற்குப் பெயர் விருப்பம், மரபு, உரிமை, முடிவு. சேரி ஆசைப்பட்டால் அதற்குப் பெயர் தூண்டுதல், மயக்கம், சலுகை வெறி, நாடகம். மனுஷ மனசுக்கு இரண்டு அகராதி வைத்துக்கொண்டு தத்துவம் பேசுகிறார்களே, அவர்களோடுதான் நமக்குச் சண்டை.

வெகுதூரம் போக வேண்டாம். எங்கள் செங்கல்பட்டு ஜில்லாவிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1891-இல் இங்கே கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அரசாங்கத்துக்கு ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். தரிசு நிலத்துக்குப் பறையர் தரக்காஸ்து போட்டால் மிராசுதார் குறுக்கே வருவதை எழுதினார். குடிசை நிற்கிற மண்ணே மிராசுதாரின் பிடியில் இருப்பதால், எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று மிரட்டுவதை எழுதினார். 1892 செப்டம்பர் 30-இல் 1010-ஆம் எண் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதன் வழியாக வந்ததுதான். அந்த நாளில் மிராசுதார்களும் அவர்களுக்குப் பரிந்து பேசியவர்களும் சொன்ன பதில் என்ன? பறையன் நிம்மதியாகத்தான் இருக்கிறான். நிலம், வீட்டுமனை என்ற எண்ணமெல்லாம் மிஷனரிகள் கிளப்பிவிட்டது. தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்தவனுக்கு மண் மேல் ஆசை வர, ஸ்காட்லாந்திலிருந்து பாதிரியார் கப்பலேறி வந்து பாடம் நடத்த வேண்டுமாம்!

நூறு வருஷம் கழிந்தது. 1994 அக்டோபர் 10. காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்ட மக்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் உயிர் போனது. அந்த வாரம் ஜி.எஸ்.டி. ரோட்டு டீக்கடைகளில் என் காதில் விழுந்த பேச்சு இன்னும் மறக்கவில்லை. "இவங்க பின்னால யாரோ இருக்காங்கப்பா." பின்னால் யார் இருந்தார்கள் என்று தேடிய ஒருத்தருக்கும் அவர்கள் முன்னால் என்ன இருந்தது என்று பார்க்கத் தோன்றவில்லை. முன்னால் இருந்தது அவர்களுடைய நிலம்.

மிராசுதாரை விடுங்கள், அவர் தன் நிலத்துக்காகப் பேசுகிறார். மகாத்மா என்ன பேசினார்? 1936-இல் ஜான் மாட் என்ற கிறிஸ்தவத் தலைவரோடு காந்தி நடத்திய உரையாடல் அவருடைய 'ஹரிஜன்' இதழிலேயே வந்தது. பசு மாட்டுக்குப் போய் சுவிசேஷம் சொல்வீர்களா என்று அவரைக் கேட்கிறார் காந்தி. தீண்டப்படாதவர்களில் சிலர் புரிந்துகொள்ளும் சக்தியில் பசுவைவிட மோசம் என்கிறார். இஸ்லாம், இந்து மதம், கிறிஸ்தவம் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் பசுவுக்கு எப்படித் தெரியாதோ அப்படியே இவர்களுக்கும் தெரியாது என்கிறார். கவனியுங்கள், இது வசவு இல்லை. அன்போடு சொன்னது. அந்த அன்பில்தான் விஷமே இருக்கிறது. நம்மைத் திட்டுகிறவனுக்கு நமக்கென்று ஒரு புத்தி இருக்கிறது என்றாவது தெரியும். பரிதாபப்படுகிறவர் அதையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

அதே வருஷங்களில் அண்ணல் என்ன செய்துகொண்டிருந்தார்? 1935 அக்டோபர் 13-இல் இயோலாவில், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தார். நாகபுரியில் பௌத்தம் ஏற்றது 1956 அக்டோபர் 14. இருபத்தொரு வருஷமும் ஒரு நாளும். அத்தனை காலம் ஒரு மனிதர் மதங்களைப் படித்தார், ஒப்பிட்டார், விவாதித்தார், தன் மக்களோடு பேசினார். பிறந்த மதத்திலேயே இருந்து சாகிற எந்த மேல்சாதிக்காரர் தன் மதத்தை இருபத்தொரு நாள் இப்படிப் பரிசோதித்திருக்கிறார்? ஆனாலும் யோசித்து முடிவெடுத்தவருக்கு 'உள்நோக்கம்' உண்டு. யோசிக்காமலே இருந்துவிட்டவருக்கு 'நம்பிக்கை' உண்டு. இதுதான் இவர்கள் கணக்கு.

1981 பிப்ரவரியில் தென்காசி பக்கம் மீனாட்சிபுரத்தில் சுமார் 180 குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போனபோது இந்தக் கணக்கு டெல்லி வரை பேசப்பட்டது. வளைகுடாப் பணம் என்றார்கள். சாதிக் கொடுமை தாங்கவில்லை, போலீஸ் தொல்லை தாங்கவில்லை என்று அந்த மக்களே வாய் திறந்து சொன்னார்கள். கேட்டுக்கொண்டவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது பணத்தை. ஒருத்தன் தன் ஆசையைத் தன் வாயால் சொல்லும்போது அவனை நம்பாமல், அவன் சட்டைப்பையைத் துழாவிப் பார்க்கிற வழக்கம் இது.

பிறகு வழக்கம் சட்டமாகவே ஆனது. 2002 அக்டோபரில் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தது. அதிலிருந்த தண்டனைப் பிரிவைப் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? பலவந்தத்தாலோ ஆசை காட்டியோ மதம் மாற்றினால் மூன்று வருஷம் வரை ஜெயில், ஐம்பதாயிரம் வரை அபராதம். மாற்றப்பட்டவர் மைனராகவோ, பெண்ணாகவோ, தாழ்த்தப்பட்டவராகவோ, பழங்குடியாகவோ இருந்தால் நான்கு வருஷம், ஒரு லட்சம். சடங்கு நடத்தியவர் கலெக்டருக்குத் தகவலும் கொடுக்க வேண்டும். பாதுகாப்புக்காகத்தானே என்று சிலர் சொன்னார்கள். அந்தப் பட்டியலை இன்னொரு தரம் வாசியுங்கள். விவரம் தெரியாத குழந்தை, அதன் பக்கத்தில் பெண், அவள் பக்கத்தில் நாம். எம்.ஏ. படித்த தலித்தும் பத்து வயசுப் பையனும் ஒரே வரியில். தன் மனசு தனக்குத் தெரியாதவர்கள் யார் யார் என்று சட்டசபையே ஜாபிதா போட்டுக் கொடுத்தது. 2004 தேர்தலில் அடி வாங்கியதும் அதே ஆட்சி அந்தச் சட்டத்தை வாபஸ் வாங்கிக்கொண்டது. ஜாபிதா சாகவில்லை. ஒரிசாவின் 1967 சட்டத்திலும் அது இருந்தது, உத்தரப் பிரதேசத்தின் 2021 சட்டத்திலும் இருக்கிறது.

பெண் நம் பக்கத்தில் நிறுத்தப்பட்டது தற்செயல் இல்லை. 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனியும் பக்கத்துக் காலனிகளும் எரிக்கப்பட்டன. 200-க்கும் மேற்பட்ட வீடுகள். ஒரு பெண் தன் விருப்பத்தில் ஒரு தலித் பையனைக் கட்டிக்கொண்டாள் என்பதே காரணம். அந்தச் சமயத்தில்தான் 'நாடகக் காதல்' என்ற சொல் ஊரெல்லாம் பரவியது. ஜீன்ஸ் பேண்ட், டீ ஷர்ட், கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு பெண்களை மயக்குகிறார்கள் என்று பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் பேசினார். அந்த ஒரு சொல்லில் இரண்டு பேருடைய ஆசையும் அடித்துத் தள்ளப்படுகிறது. பையனுக்குக் காதல் இல்லை, கணக்குத்தான். பெண்ணுக்கு விருப்பம் இல்லை, மயக்கம்தான். அப்படியானால் அந்தத் தெருவில் ஆசை என்று ஒன்று யாருக்குத்தான் உண்டு? சாதிக்கு மட்டும்தான் உண்டு. 2013 ஜூலை 4-இல் இளவரசனின் உடல் ரயில் பாதையோரம் கிடந்தது.

2015-இல் கோகுல்ராஜ் கொலை. அந்த வழக்கில் 2022 நவம்பரில் உயர்நீதிமன்றத்தில் நடந்தது இந்த விஷயத்தின் உச்சம். கொலைக்கு முன் கோவிலில் அவரோடு இருந்த பெண்ணை நீதிபதிகள் மறுபடி அழைத்து, கேமராப் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். அதில் இருப்பது யார் என்று தனக்குத் தெரியாது என்றார் அவர். பொய்ச்சாட்சி என்று சட்டம் சொல்லும், சொல்லட்டும். நான் வேறு ஒன்றைப் பார்க்கிறேன். சொந்த முகத்தைப் பார்த்து 'இது நான் இல்லை' என்று சொல்ல வேண்டிய இடத்துக்கு ஒரு பெண் வந்து நிற்கிற சமூகம் இது. அந்தச் சமூகம் நம்மைப் பார்த்து, உன் ஆசை நெஜமா என்று கேட்கிறது!

இப்போது எதிர்ப்பக்கம் வாருங்கள். நான் இருக்கிற ஊரின் பெயர் மறைமலை நகர். காட்டாங்குளத்தூருக்கும் சிங்கபெருமாள் கோயிலுக்கும் நடுவில் ரயில் நிற்கிற இடம். பெயருக்கு உரியவர் மறைமலை அடிகள். 1876-இல் பிறந்தபோது வேதாசலம். பல்லாவரத்தில் வாழ்ந்தவர், 1916-இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கி 'வேதாசலம்' என்பதை 'மறைமலை' ஆக்கிக்கொண்டவர். மகள் நீலாம்பிகையோடு பேசிக்கொண்டிருந்தபோது, வள்ளலார் பாட்டில் வந்த ஒரு வடசொல்லைத் தமிழாக்கிப் பார்த்ததில் அந்த எண்ணம் பிறந்தது என்று தமிழறிஞர்கள் விரும்பிச் சொல்லும் கதை உண்டு. ஆக, தனித்தமிழ் ஆசையும் தனியாக வரவில்லை. மகளிடமிருந்து கொஞ்சம், வள்ளலாரிடமிருந்து கொஞ்சம், கால்டுவெல் போன்ற வெள்ளைக்காரர் செய்த மொழி ஆராய்ச்சியிலிருந்து கொஞ்சம், வேளாளரைச் சூத்திரர் என்று சொன்னதில் வந்த கோபத்திலிருந்து கொஞ்சம். 'வேளாளர் நாகரிகம்' என்று ஒரு புத்தகமே எழுதினார் அவர். இதில் நான் குற்றம் காணவில்லை. மனுஷனுக்கு ஆசை இப்படிப் பல வாய்க்காலில்தான் வரும். அவர் பெயர் மாற்றியபோது யாராவது உள்நோக்கம் கேட்டார்களா? கலெக்டருக்குத் தகவல் போனதா? ஊருக்கே அந்தப் பெயரை வைத்தார்கள். நம் பையன் 'மாரி' என்ற பெயரை 'கௌதமன்' என்று மாற்றட்டும், கெஜட் அலுவலகத்தில் கேட்பதற்கு முன்னால் தெருவே கேட்கும்: "எதுக்குடா மறைக்கிற?"

ஊர்ப்பெயரை விட்டு ஊருக்குள் வந்தால் போர்டு தொழிற்சாலை. மகேந்திராவோடு சேர்ந்து 1995-இல் வந்தது. சுமார் 350 ஏக்கர், வரிச் சலுகை, ரோடு, தண்ணீர், கரண்ட். 'எஸ்கார்ட்' வந்தது, 'ஐகான்' வந்தது, 'ஈகோஸ்போர்ட்' வந்தது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துகிறோம், நஷ்டம் என்று அறிவித்தார்கள். 2022 ஜூலையோடு இங்கே கடைசி காரும் வெளியே போனது. கேண்டீன், பஸ், லோடு வண்டி, வாடகை வீடு என்று அதை நம்பியிருந்த சனங்கள் எத்தனை! உன் உண்மையான நோக்கம் என்ன, சலுகைக்காக வந்தாயா, எங்கள் மேல் அன்பால் வந்தாயா என்று மூலதனத்தைப் பார்த்து யாரும் கேட்கவில்லை. லாபத்துக்காக வந்தது, லாபம் இல்லை என்றதும் போனது. அதற்குப் பெயர் 'வணிக முடிவு'. முந்நூற்றைம்பது ஏக்கரை வாங்கிக்கொண்டு வந்தவன் ஆசைக்கு மரியாதை. முக்கால் சென்ட் வீட்டுமனை கேட்டவன் ஆசைக்கு விசாரணை.

ஏன் இப்படி? சாதித் திமிர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். அதற்கும் கீழே ஒன்று இருக்கிறது. கலப்பில்லாத நோக்கம் வேண்டும் என்று நம்மிடம் கேட்கிறார்கள். வயிற்றுப்பாடு கலக்காத பக்தி வேண்டும். சுயமரியாதை கலக்காத காதல் வேண்டும். வேலை ஆசை கலக்காத கல்வி வேண்டும். இந்தக் 'கலப்பு' என்ற சொல்லை நமக்கு நன்றாகத் தெரியும். இரத்தத்தில் கலப்பு கூடாது என்றார்கள், அது அகமணம். பாத்திரத்தில் கலப்பு கூடாது என்றார்கள், அது இரட்டைக் குவளை. சட்டம் வந்து தெருவிலும் கிணற்றிலும் தீட்டுப் பார்ப்பது கொஞ்சம் சிரமமானதும், அதை மனசுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். நோக்கத்துக்கும் தீட்டு! சுத்தமான ஆசை உள்ளவன் மட்டும் கோவிலுக்குள் வரலாம், மற்றவன் வெளியே நிற்கலாம்.

சுத்தமான ஆசை யாருக்கு உண்டு? கோவிலுக்குப் போகிற ஊர்க்காரர் பிள்ளைக்குப் பரீட்சையில் பாஸ் வேண்டும், மகளுக்கு வரன் வேண்டும் என்றுதானே தேங்காய் உடைக்கிறார்? அவர் பக்தியை நாம் 'ஆசை காட்டி வரவழைத்தது' என்கிறோமா?

என் ஆயா காட்டாங்குளத்தூர் பக்கத்துச் சேரியில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த இடத்தில் ஒரு சபையில் சேர்ந்தாள். 'பால் பவுடருக்குப் போனவங்க' என்று ஊரில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பட்டம் உண்டு. காலேஜில் படிக்கும்போது நானே அவளிடம் கேட்டேன், எதுக்கு ஆயா போனே என்று. அவள் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னாள்: "உக்காருன்னு சொன்னாங்கடா. பாயி போட்டு உக்காருன்னாங்க. பால் பவுடரும் குடுத்தாங்க, வாங்கிக்கினேன். பசிச்ச வயிறும் என்னுது. ஊர்க்காரன் வாசல்ல நின்னு நின்னு கடுத்த காலும் என்னுது. எது எதுக்குப் போச்சுன்னு நானு பிரிச்சா பாத்தேன்?"

ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் ஆசையை இவ்வளவு தெளிவாக அடையாளம் கண்டு, அதன் கலப்போடு சேர்த்து, இது என்னுடையது என்று சொன்ன இன்னொருவரை நான் இதுவரை பார்க்கவில்லை. பால் பவுடரைச் சொல்ல அவள் வெட்கப்படவில்லை. பாயை மட்டும் சொல்லிப் புனிதமாகவும் ஆகவில்லை.

பாதிரிமார்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கூட்டங்கூட்டமாக நம் சனங்கள் வந்தபோது, இவர்கள் ஆத்துமாவுக்கு வருகிறார்களா, அரிசிக்கு வருகிறார்களா என்று அவர்களும் சந்தேகப்பட்டார்கள். ஞானஸ்நானத்தைத் தள்ளித்தள்ளிப் போட்டார்கள். பிக்கெட் என்ற மெதடிஸ்ட் மிஷனரி இந்தியாவின் கூட்டு மதமாற்றங்களை ஆராய்ந்து 1933-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஆயிரக்கணக்கானவர்களை அவரவர் சொன்ன காரணத்தைக் கொண்டு பிரித்துப் பார்த்தார். உலகக் காரியத்துக்காக வந்தோம் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னவர்களிலும் பெரும்பாலோர் பிற்பாடு உறுதியாக நின்றிருந்தார்கள். எந்த வாசலில் நுழைந்தான் என்பதை வைத்து, உள்ளே எப்படி வாழ்வான் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரு மிஷனரிக்கு 1933-இல் புரிந்தது நம் சட்டசபைக்கு 2002-இல் புரியவில்லை.

முற்போக்கு நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. தாம்பரத்தில் ஒரு இலக்கியக் கூட்டத்தில் ஒரு தோழர் பேசினார். தலித் இளைஞர்கள் நுகர்வுக் கலாச்சாரத்துக்கு அடிமையாகிவிட்டார்கள், பைக்கும் செல்போனும் அவர்களுடைய தேவை இல்லை, விளம்பரம் உண்டாக்கிய பொய்த் தேவை என்றார். பேசி முடித்து அவர் காரில் ஏறிப் போனார். விளம்பரம் ஆசையை உண்டாக்குகிறது என்பது சரிதான். ஆனால் சைக்கிளில் போனால் ஊர்த்தெருவில் இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்று சொன்ன ஊர்களில், ஒருத்தன் பைக்கை எடுத்து அதே தெருவில் இறங்காமல் போகிறான் என்றால் அந்த ஆசையில் பாதி கம்பெனியுடையது, பாதி அவன் தாத்தாவுடையது. கம்பெனி வண்டியை விற்றது. இறங்காமல் போகிறதை எந்தக் கம்பெனி விற்றது? அண்ணலின் கோட்டு சூட்டையும் இப்படித்தான் வெள்ளைக்காரன் மோகம் என்றார்கள். அரை வேட்டிக்கு மாறுவது துறவு ஆக வேண்டுமானால் முதலில் முழு வேட்டி கட்ட உரிமை இருந்திருக்க வேண்டும். எம்.என். சீனிவாஸ் சமஸ்கிருதமயமாக்கம் என்றொரு சொல்லைக் கொடுத்ததிலிருந்து, கீழே இருக்கிறவன் எதை விரும்பினாலும் மேலே இருக்கிறவனைக் காப்பியடிப்பதாகவே பலருக்குப் படுகிறது. தோளில் துண்டு போடுவதும் காலில் செருப்பு போடுவதும் காப்பி என்றால், மூச்சு விடுவதும் காப்பிதான்.

இன்னும் சிலர் புத்தரையே எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஆசையை விடச் சொன்னவர் புத்தர், நீங்கள் பௌத்தம் பேசிக்கொண்டே ஆசைப்படுகிறீர்களே என்கிறார்கள். பாலியில் 'தண்ஹா' வேறு, 'சந்த' வேறு. முதலாவது எரிக்கிற தாகம். இரண்டாவது ஒரு காரியத்தைச் செய்ய எழுகிற விருப்பம். அது இல்லாமல் மார்க்கத்தில் ஒரு அடியும் வைக்க முடியாது. 1898-இல் பண்டிதர் அயோத்திதாசர் இலங்கைக்குப் போய்ப் பஞ்சசீலம் பெற்று வந்து, ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் வைத்தது அந்த இரண்டாவது வகை. இன்று தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவமனைக்கு அவர் பெயர். அங்கே மருந்து வாங்க வருகிறவர்கள், இந்த மனிதர் உங்களை ஆசைப்படச் சொன்னவர் என்று தெரிந்துகொண்டால் நல்லது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அதை எதிரி கேட்பதற்கு முன்னால் நாமே கேட்டுக்கொள்வோம். நம் மனசில் எழும் எல்லா ஆசையும் நம்முடையதுதானா?

இல்லை. அதை மூடி மறைத்தால் நாம் எழுதுவதில் அர்த்தம் இல்லை. 2009-இல் அருந்ததியருக்கு 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தபோது நம்மில் சிலர் பேசிய பேச்சு என்ன? "இது அவங்களா கேக்கல. யாரோ தூண்டிவிட்டு நம்மளைப் பிரிக்கிறாங்க." மிராசுதார் 1891-இல் சொன்னதை, எழுத்துப் பிசகாமல், நம் வாயால் சொன்னோம். மலக்குழியில் இறங்கிச் சாகிறவனுக்குத் தன் பிள்ளைக்கு ஒரு ஆபீஸ் நாற்காலி வேண்டும் என்ற ஆசை தானாக வராதாம். 2024 ஆகஸ்ட் 1-இல் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உட்பிரிவு ஒதுக்கீடு செல்லும் என்று சொன்ன பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. ஒதுக்கீட்டின் அளவு பற்றி, கணக்கெடுப்பு பற்றி வாதாடுங்கள், அது வேறு. கேட்கிறவனின் ஆசையே அவனுடையது இல்லை என்று சொல்கிற உரிமையை நமக்கு யார் கொடுத்தது?

வீட்டுக்குள்ளும் பாருங்கள். மேடையில் விடுதலை பேசுகிற நம் ஆண்கள், தங்கை வேறொரு தெருப் பையனை விரும்பினால் 'அவளுக்கு ஒண்ணும் தெரியாது, சின்னப் பொண்ணு' என்கிறார்கள். சட்டத்தின் ஜாபிதாவில் நம் பக்கத்தில் நின்ற பெண்ணை, நாமே மறுபடி மைனர் ஆக்குகிறோம்.

அப்படியானால் எது நம் ஆசை, எது நம் வாயில் புகுந்து பேசுகிற சாதியின் ஆசை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆசையின் பூர்வீகத்தைத் தோண்டிப் பிரயோஜனம் இல்லை. எல்லா ஆசையும் வெளியிலிருந்துதான் வருகிறது. பேசுகிற மொழியே வெளியிலிருந்து வந்ததுதான். நான் வைத்துக்கொள்கிற அளவுகோல் ஒன்று. இந்த ஆசை நிறைவேற எனக்குக் கீழே ஒருத்தர் இருந்தாக வேண்டுமா? ஆமாம் என்றால் அது என்னுடையது இல்லை. படிநிலைச் சமத்துவமின்மை என்று அண்ணல் சொன்னது இதைத்தான். மேலே இருக்கிறவனிடம் மிதி வாங்குகிறவனுக்கும் மிதிக்க ஒருத்தனைக் கொடுத்து, அந்த மிதியைச் சொந்த ஆசை மாதிரி உணர வைப்பதுதான் சாதியின் சாமர்த்தியம். 'நாங்க அவங்க மாதிரி இல்ல' என்று சொல்கிற ஆசைக்குக் கீழே ஒருத்தர் வேண்டும். பாயில் உட்காருகிற ஆசைக்கு வேண்டாம். நிலத்துக்கு வேண்டாம். படிப்புக்கு வேண்டாம். மனசுக்குப் பிடித்தவரோடு வாழ்வதற்கு வேண்டாம். அந்த ஆசைகள் பாதிரியிடமிருந்து வந்தாலும், சினிமாவிலிருந்து வந்தாலும், விளம்பரத்திலிருந்து வந்தாலும், நாம் எடுத்துக்கொண்ட நிமிஷத்திலிருந்து நம்முடையவை.

எடுத்துக்கொள்வது என்பது கண்ணை மூடி மனசுக்குள் தேடுகிற வேலை இல்லை. நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்வது, மனு எழுதிக் கையெழுத்துப் போடுவது, அதற்கு வருகிற அடியைத் தாங்குவது, தாங்கிய பிறகும் மறுபடி கேட்பது. இருபத்தொரு வருஷம் அண்ணல் செய்தது அது. செங்கல்பட்டில் குண்டடிபட்டவர்கள் செய்தது அது. ஆசைப்படுகிறவனை அந்த ஆசையோடு சேர்த்துக் கட்டுவது அவன் செலுத்துகிற விலை. அதை அவன் செலுத்திய பிறகு, இன்னொருத்தர் வந்து ஜாமீன் கொடுக்க வேண்டியதில்லை.

ஆகவே தோழர்களே, இனி நம் ஆசைக்கு விளக்கக் கடிதம் எழுதுவதை நிறுத்துவோம். பஞ்சமி நிலம் வேண்டும். ஏன் என்று கேட்டால் விளைவிக்க, விற்க, வீடு கட்ட, சும்மா பார்த்துக்கொண்டிருக்க. நல்ல வேலை வேண்டும், சம்பளத்துக்கும் மரியாதைக்கும். பிடித்த மதம் வேண்டும், மதமே வேண்டாம் என்றால் அதுவும் வேண்டும். பிடித்தவரைக் கட்டிக்கொண்டு உயிரோடு இருக்க வேண்டும். இந்த ஆசைகள் எங்கிருந்து வந்தன என்று விசாரணை வைக்க விரும்புகிறவர்கள் தாராளமாக வைக்கட்டும். வரும்போது தங்கள் நிலத்தின் பட்டாவையும் கையில் எடுத்துக்கொண்டு வரட்டும். அது எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடுவோம்.